சனி ஞாயிறு இல்லாத கொப்பி

உதயகலா வேலை செய்கிற ஊரில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அங்கே அவள் ‘மிஸ்’. முல்லைத்தீவுப் பக்கம் மூன்று கிராமங்களுக்கு அவள் ஒருத்திதான் குடும்பநல மாது, ஊர்ப் பேச்சில் மருத்துவிச்சி. கிளினிக் நாளில் அவள் குரலை உயர்த்தினால் வெளியே வேம்பின் கீழ் நிற்கிற புருசன்மாரும் பீடியைக் கீழே போட்டுவிடுவார்கள். போன கிழமை கஜந்தினி என்ற பெண் குழந்தையை நிறுக்கக் கொண்டுவந்திருந்தாள். அவளுடைய மனிசன் கையிரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வாசலில் நின்றான். உதயகலா விடவில்லை.

“ஏன் அதிலை காவல் நிக்கிறியள்? உள்ளுக்கு வாங்கோ. கையை நீட்டுங்கோ அப்பா.”

“எனக்குப் பிள்ளை தூக்கத் தெரியாது மிஸ்.”

“பிள்ளை கடிக்காது. கையை நீட்டுங்கோ எண்டுறன். தேப்பனின்ரை கையிலையும் பிள்ளை பழக வேணும்.”

அவன் நீட்டினான். வியர்த்து வழிய, பச்சை முட்டையை ஏந்துகிறவன் மாதிரிப் பிள்ளையை ஏந்திக்கொண்டு நின்றான். கிளினிக்கே சிரித்தது. அன்றைக்கு உதயகலாவுக்குத் தன் வேலையில் ஒரு பெருமை இருந்தது.

ஊர்த் தகப்பன்மாருக்கெல்லாம் வகுப்பெடுக்கிற அதே உதயகலாவுக்கு, வெள்ளிக்கிழமை பின்னேரம் இணுவிலில் பஸ்ஸால் இறங்கி ஒழுங்கைக்குள் திரும்பினால் வயிற்றுக்குள் ஒன்று புகையத் தொடங்கும். சுற்றி வளைக்காமல் சொன்னால் அது பொறாமை. பக்கத்து வீட்டுக்காரி மேலோ ஓரகத்தி மேலோ இல்லை. தாலி கட்டின சுதாகரன் மேல்.

பிள்ளை யதுசாவுக்கு ஆறு மாதம் ஆனபோது உதயகலாவின் லீவு முடிந்தது. இடமாற்றத்துக்கு எழுதிப் போட்டாள். பதிலாள் வந்தால்தான் விடலாம் என்றார்கள். உதயகலாவின் அம்மா கனடாவில் மகனின் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருந்தார். சுதாகரனின் தாய் இவர்களுடைய கலியாணத்துக்கு முன்னமே போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளையை யாரிடம் விடுவதென்று மூன்று நாள் யோசித்த பிறகு சுதாகரன்தான் சொன்னான், “நான் பாக்கிறன். தோட்டம் வீட்டுக்குப் பின்னாலைதானே.” ஒரு கிழமைக்கு மேல் தாங்கமாட்டான், தலையைச் சொறிந்துகொண்டு வருவான் என்று அவள் உள்ளூர நம்பினாள். ஐந்து மாதமாகிவிட்டது. அவன் தாங்கிவிட்டான். அதுதான் வினையாய்ப் போயிற்று.

அந்த வெள்ளிக்கிழமையும் வீடு பூட்டிக் கிடந்தது. ஆனி மாதத்துச் சோளகக் காற்று செம்மண்ணை வாரி முகத்தில் அடித்தது. பின்வேலியைத் தாண்டும்போதே இறைப்பு மிசின் சத்தம் கேட்டது. சுதாகரன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணீர் மாறிக்கொண்டிருந்தான். ஒரு பாத்தி நிறைந்ததும் மண்வெட்டியால் அதன் வாயை அடைத்து அடுத்ததை வெட்டித் திறப்பான். மிசினுக்குக் கொஞ்சம் தள்ளி, பூவரசங் கிளையில் பழஞ்சீலையால் ஏணை கட்டியிருந்தது. உள்ளே யதுசா நல்ல நித்திரை. காது அடைக்கிற அந்த இரைச்சலுக்குள் ஒரு பிள்ளை வாயைத் திறந்தபடி உறங்குவதை உதயகலா ஒவ்வொரு வெள்ளியும் பார்க்கிறாள். இன்னும் அவளுக்கு அது பிடிபடவில்லை.

பக்கத்துத் தோட்டத்தில் பீற்றூட் கிண்டிக்கொண்டிருந்த பரமலிங்கம் நிமிர்ந்தார். அறுபது தாண்டியவர். ஐந்து பிள்ளைகளைப் பெற்றவர். ஐந்தில் ஒன்றைக்கூடக் குளிப்பாட்டியதில்லை என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

“வந்திட்டியோ பிள்ளை? சுதாகரா, உனக்கு இனி ஞாயிறு வரைக்கும் லீவடா!”

“அண்ணைக்கு நக்கல்தான்,” என்றான் சுதாகரன். பிறகு மனைவியிடம், “களைச்சுப் போனீர். தேத்தண்ணி குடிச்சனீரோ?”

அவள் தேத்தண்ணிக்கு வரவில்லை. ஏணைக்குள் குனிந்து பிள்ளையைத் தூக்கினாள். யதுசா கண் விழித்தாள். தூக்கியவளின் முகத்தைப் பார்த்தாள். எங்கேயோ கண்ட முகம் என்கிற மாதிரி யோசித்தாள். பிறகு உதட்டைப் பிதுக்கி, உடம்பை வளைத்து, தகப்பன் நின்ற பக்கம் இரண்டு கையையும் எறிந்தாள். சுதாகரன் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். சேற்றுக் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு நீட்டினான். பிள்ளை அவன் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. பிள்ளையில் மண்ணெண்ணெயும் வெங்காயத் தாளும் மணத்தன. தன் மணம் துளிகூட இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தது.

“நித்திரைத் தூக்கம்... அதுதான். நாளைக்கு வந்திடுவாள்,” என்றான்.

“எனக்குத் தெரியும்,” என்றாள் உதயகலா. “விருந்தாளியள் ரெண்டாம் நாள்தானே பழகுவினம்.”

வெள்ளிக்கிழமை மரக்கறிதான். சுதாகரன் முருங்கைக்காய்க் கறியும் பருப்பும் வைத்து, புட்டும் அவித்திருந்தான். பிள்ளைக்கெனக் கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தைப் பிசைந்து, நார் எடுத்து, தனியாக ஒரு கிண்ணத்தில் வைத்திருந்தான். உதயகலா ஊட்டப் போனாள். பிள்ளை வாயை இறுக்கி மூடிக்கொண்டது.

“கரண்டியாலை தின்னமாட்டாள்,” என்றான் அவன் மெதுவாக. “விரலாலை மேல் உதட்டிலை ஒருக்காத் தொட்டுவிட வேணும். பேந்து தானே திறப்பாள்.”

அவள் தொட்டாள். வாய் திறந்தது. அது அவளுக்குச் சந்தோசமாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. ஒன்றரை வருசம் படித்து, நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு ஊட்டக் காட்டிக்கொடுத்தவளுக்கு இந்த மேல் உதட்டு வித்தையை ஒரு வெங்காயத் தோட்டக்காரன் சொல்லித்தர வேண்டியதாகிவிட்டதே என்றுதான் இருந்தது.

சனிக்கிழமை பதினொரு மணிபோல யதுசா அவளிடம் வந்தாள். மடியில் ஏறினாள், தாலிக்கொடியை இழுத்தாள், மூக்கைக் கடித்தாள். உதயகலாவுக்கு உலகம் திரும்பக் கிடைத்த மாதிரி இருந்தது. ஆனால் ஒரு மணிக்குப் பிள்ளைக்கு நித்திரை வந்தது. சனிக்கிழமை இறைப்பு இல்லை. தோளில் போட்டுத் தட்டினாள், ஆராரோ பாடினாள், விறாந்தையின் நீளத்துக்கு நடந்தாள். யதுசா வீரிட்டு அழுதாள். அரை மணித்தியாலம் அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டு சுதாகரன் குசினி வாசலில் நின்றான். கடைசியில் பொறுக்க ஏலாமல் வந்து பிள்ளையை வாங்கி, நெஞ்சில் சாய்த்து, வாயால் ‘டுக்குடுக்குடுக்கு’ என்று மிசின் மாதிரியே சத்தம் போட்டான். ஐந்து நிமிசம்கூட ஆகவில்லை. பிள்ளை உறங்கிவிட்டது.

அவனுக்குத் தன் கெட்டித்தனத்தில் சிரிப்பு வந்தது. நிமிர்ந்து மனைவியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

உதயகலா அலுமாரியைத் திறந்து பிள்ளையின் கிளினிக் கொப்பியை எடுத்தாள். நிறையைப் பார்ப்போம், அதிலாவது ஒரு குறை இருக்கும் என்று எடுத்தாள் என்பதை ஒளிக்கத் தேவையில்லை. நிறையில் குறை இல்லை. நிறைக் கோடு பச்சைப் பட்டைக்குள் வடிவாக ஏறிப் போயிற்று. அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். பிள்ளை முதன்முதல் செய்தவற்றை நாளோடு எழுதுகிற பக்கம். சுதாகரனின் பள்ளிக்கூடத்து உருண்டை எழுத்து. பிடிக்காமல் குந்தியிருந்தது, பல் முளைத்தது, தவழ்ந்தது, பிடித்துக்கொண்டு எழும்பியது. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு திகதி.

சுவரில் கலண்டர் தொங்கியது. அவள் எழும்பிப் போய்த் திகதிகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டாள். செவ்வாய். வியாழன். திங்கள். செவ்வாய். ஒரு சனிக்கிழமை இல்லை, ஒரு ஞாயிறு இல்லை. தன் பிள்ளை வளர்ந்ததெல்லாம் தான் இல்லாத நாளாகப் பார்த்துத்தான் வளர்ந்திருக்கிறது. கடைசியாக ‘முதற் சொல்’ என்ற இடத்தில் ‘அம்மா’ என்று எழுதி, போன மாதம் பதினாலாந் திகதி போட்டிருந்தது. அது ஒரு புதன்கிழமை.

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. இன்றுவரை ஒருநாளும் பிள்ளை அவள் முகத்தைப் பார்த்து அம்மா என்று சொன்னதில்லை. கொப்பியில் பொய் எழுதுகிறவர்களை அவளுக்கு நன்றாகத் தெரியும். மிஸ் ஏசுவா என்று பயந்து, நடக்காத பிள்ளையை நடந்ததென்று எழுதிக்கொண்டு வருகிற தாய்மாரைக் கிழமைக்கு நாலு பேரையாவது பிடிக்கிறவள் அவள்.

“இது என்ன?” என்று கொப்பியை அவன் முன்னால் விரித்தாள்.

“ஏன்? பிழையா எழுதிப்போட்டனோ?”

“பொய் எழுதியிருக்கிறியள். என்னைச் சந்தோசப்படுத்த எழுதின பொய். எனக்குப் பிச்சை போடுறியளோ?”

“ஐயோ, இல்லையப்பா. சொன்னவள். தோட்டத்துக்கை வைச்சுச் சொன்னவள்.”

“நான் இல்லாத நேரம் அம்மாவெண்டு ஆரைப் பாத்துச் சொன்னவள்? பூவரச மரத்தையோ?”

சுதாகரன் வாதாடத் தெரியாதவன். அவள் நிற்பாட்டவில்லை.

“பிள்ளை என்னட்டை வராததுக்கு நீங்கள்தான் காரணம். அவள் திரும்பிற பக்கமெல்லாம் நீங்கள் கையை நீட்டிக்கொண்டு நிக்கிறியள். ஒருக்காக் கையை மடக்கி வைச்சிருந்தா என்ன? நாளைக்கு நான் பிள்ளையைக் கொண்டு போறன். குவாட்டர்ஸுக்குப் பக்கத்திலை ஒரு மனிசி இருக்கிறா, பகலிலை பாப்பா. போன் அடிச்சுச் சொல்லப்போறன்.”

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டது. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. மறித்துச் சண்டை பிடிப்பான், தானும் நாலு வார்த்தை கூடக் கத்தலாம் என்று காத்திருந்தாள். சுதாகரன் சண்டை பிடிக்கவில்லை. நித்திரையாகிக் கிடந்த பிள்ளையைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

“பெத்தனீர் நீர். கொண்டு போறது உம்மடை உரிமை,” என்றான். பிறகு வேலியில் காய்ந்த சின்னச் சட்டைகளை எடுக்கப் போனான்.

பொழுது படும்வரை அவன் பையை அடுக்கிக்கொண்டிருந்தான். அடுக்க அடுக்க ஒவ்வொன்றாகச் சொன்னான். “முட்டை மஞ்சள் ஒருநாள் விட்டு ஒருநாள். வெள்ளை குடுத்தா மேல் கடிச்சுத் தடிக்குது. தலைக்குத் தண்ணி வாக்கிறதெண்டால் முதல் காலை நனைக்க வேணும், இல்லாட்டிப் பயந்திடுவாள். நீலச் சட்டையின்ரை கழுத்து அராவும், அதை வைக்கேல்லை.” சொல்லிவிட்டுத் தன் போனை எடுத்தான். “மிசின் சத்தம் உமக்கு அனுப்பிவிடுறன். மழை பெய்யிற நாளிலை இறைப்பு இல்லை எண்டால் படுக்கமாட்டாள். அதுக்கெண்டு முந்தி ஒருநாள் பதிஞ்சு வைச்சனான். நான் இன்னும் போட்டுப் பாக்கேல்லை, போட்டுவிட்டால் படுத்திடுவாள்.”

“எனக்கு வகுப்பு எடுக்கிறியளோ?”

“இல்லை... நீர் தனிய, அதுதான்.”

அவள் போன் ‘டிங்’ என்றது. அவள் அதைத் திறந்தும் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து சுதாகரன் ஒரு புதுப் பழக்கம் பழகியிருந்தான். பிள்ளைக்குப் பக்கத்தில் வரும்போதெல்லாம் கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். யதுசா அவனைக் கண்டு துள்ளினாள். அவன் தலையை ஆட்டிச் சிரித்துவிட்டுக் கடந்து போனான். உதயகலா அதைக் கண்டாள். கண்டும் காணாத மாதிரி இருந்தாள். உள்ளுக்குள் ஒரு கெட்ட சந்தோசம்கூட இருந்தது. பரமலிங்கம் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, “என்னடா, கையைக் கட்டிக்கொண்டு திரியிறாய், மந்திரிமாரைப் போலை?” என்று கேட்டார். 

மூன்று மணிக்கு பஸ். சாப்பிட்ட பிறகு உதயகலா பிள்ளையின் சட்டையை மாற்றிவிட்டு, விறாந்தையில் பாயில் இருந்துகொண்டு, தன் இரண்டு விரலையும் பிடிக்கக் கொடுத்து நிற்க வைத்தாள். கொப்பியில் இன்னும் ஒரு இடம் வெறுமையாகக் கிடந்தது. ‘பிடிக்காமல் நடந்தது’. அது தன்னுடையது, அதை எவருக்கும் விடுவதில்லை என்று நேற்றே முடிவெடுத்திருந்தாள். “வா செல்லம், அம்மாட்டை வா,” என்று எத்தனையோ தரம் கூப்பிட்டாள். பிள்ளை ஒவ்வொரு தரமும் தொப்பென்று குந்திவிட்டது.

அந்த நேரம் சுதாகரன் பையை எடுத்து மோட்டார்சைக்கிளில் கட்ட வந்தான். விறாந்தையிலேயே கொஞ்சம் தள்ளி நின்றான். கை பின்னால்.

யதுசா அவனைப் பார்த்தாள். உதயகலாவின் விரல்களை விட்டாள். ஒரு கால் எடுத்து வைத்தாள்.

உதயகலாவின் விரல்கள் நீட்டினபடியே நின்றன.

பிள்ளை நின்று தகப்பனைப் பார்த்தது. முகத்தைப் பார்க்கவில்லை, கையைத் தேடியது. கையைக் காணவில்லை. ஆடியது. குந்திவிட்டது. அழவில்லை. உதடு மட்டும் கோணியது. சுதாகரன் அசையாமல் நின்றான். வாத்தியாருக்கு முன்னால் நிற்கிற பெடியன் மாதிரி மனைவியைப் பார்த்தான். அவன் கைகள் பின்னால் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருந்தன.

யதுசா திரும்பித் தவழ்ந்து வந்து தாயின் முழங்காலைப் பிடித்து எழும்பினாள். எழும்பி, மறுபடியும் அவன் பக்கமே திரும்பினாள்.

“கையை நீட்டுங்கோ!”

அது கிளினிக்கில் போடுகிற சத்தம். தோட்டம் வரைக்கும் கேட்டிருக்கும்.

“இல்லை, நீர்தானே சொன்னனீர்...”

“நீட்டுங்கோ எண்டுறன்! பிள்ளை விழப்போறாள், மரம் மாதிரி நிக்கிறியள்! கையை நீட்டுங்கோ அப்பா!”

அவன் நீட்டினான். குந்தியிருந்து இரண்டு கையையும் முழுதாக விரித்து நீட்டினான். யதுசா நடந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. ஐந்தாவது அடி வைக்க இடமில்லாமல் அவன் நெஞ்சில் போய் விழுந்தாள்.

உதயகலா பார்த்துக்கொண்டிருந்தாள். தன் பிள்ளையின் முதல் நடையைக் கண்டுவிட்டாள். பின்பக்கமாகக் கண்டாள். பிடரி மயிரும், ஆடுகிற தோளும், உள்ளங்காலின் அழுக்கும்தான் அவளுக்குத் தெரிந்தன. பிள்ளை நடக்கும்போது சிரித்ததா, பயந்ததா, முகம் எப்படி இருந்ததென்று அவன்தான் கண்டான். அதுவும் அவனுக்குத்தான். வயிறு பழையபடி எரிந்தது; கண்ணீரும் வந்தது. எது எதனால் என்று பிரித்துப் பார்க்க அவளால் முடியவில்லை.

“எப்பிடி இருந்தது முகம்?” என்று கேட்டாள்.

“வாயை ஆவெண்டு வைச்சுக்கொண்டு வந்தவள்,” என்றான்.  பிள்ளையோடு உள்ளே போய்க் கொப்பியையும் பேனையையும் கொண்டுவந்தான். “நீர்தான் எழுத வேணும். இண்டைக்கு ஞாயிறு.”

அவள் திகதியை எழுதினாள். கொப்பி கிழமையைக் கேட்கவில்லை. ஆனாலும் பக்கத்தில் ‘ஞாயிற்றுக்கிழமை’ என்று பெரிதாக எழுதி, கீழே இரண்டு கோடு போட்டாள். பிறகு பையைத் திறந்து சின்னச் சட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தாள்.

“ஏனப்பா?”

“நான் ஒழுங்கை ஒழுங்கையாத் திரிய, அவள் நடக்கிறதை ஆரோ ஒரு மனிசி இருந்து பாக்கிறதோ? அதைவிட நீங்களே பாருங்கோ.” மூக்கைத் துடைத்தாள். “எரிச்சல்தான். ஆனால் உங்களிலை எரியிறது பரவாயில்லை.”

அவன் சிரிக்கலாமா என்று தெரியாமல் நின்றான்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஒழுங்கை முகப்பில் அவன் தோளில் இருந்த யதுசா பஸ்ஸைப் பார்த்துக் கையாட்டவில்லை. அவன் சட்டைப் பொத்தானைக் கடித்துக்கொண்டிருந்தாள். யாழ்ப்பாணத்தில் மாறி ஏறி, ஆனையிறவு தாண்டும்போது உப்புக்காற்று முகத்தில் அடித்தது. அப்போதுதான் அவளுக்குப் போனில் கிடந்த மிசின் சத்தம் ஞாபகம் வந்தது. போனைக் காதோடு சேர்த்து வைத்துக் கேட்டாள்.

டுக்குடுக்குடுக்கு. வேறொன்றும் இல்லை. இதற்கா பிள்ளை உறங்குகிறது என்று நினைத்தாள். நிற்பாட்டப் போனபோது இரைச்சலுக்குள்ளிருந்து சுதாகரனின் குரல் வந்தது. ஏணையை ஆட்டி ஆட்டிச் சொல்கிற குரல். போன் பதிகிறது என்பதையே மறந்துவிட்டிருக்க வேண்டும்.

“இண்டைக்குப் புதன். நாளைக்கு ஆர்? நாளைக்கு வியாழன். வியாழன் படுத்து எழும்பினா என்ன? வெள்ளி. வெள்ளிக்கிழமை பஸ்ஸிலை ஆர் வருவினம்? ஆர் வருவினம் என்ரை குஞ்சுக்கு?”

மிசின் இரைந்தது. பிறகு ஒரு சின்னக் குரல், நித்திரைக் குரல், தெளிவாகச் சொன்னது.

“ம்மா.”

“ஆ! என்ன சொன்னனி? ஓமடி, அம்மா! அம்மாதான்! பரமலிங்கண்ணை, கேட்டனீங்களோ, அம்மாவெண்டு சொல்லுறாள்!”

தூரத்தில் பரமலிங்கம் ஏதோ கத்தினார். மிசின் சத்தத்தில் அது விளங்கவில்லை. அதோடு பதிவு முடிந்தது.

பொறாமை இறங்கிப் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். அது பக்கத்துச் சீற்றில் இருந்து அவளோடு சேர்ந்து கேட்டுக்கொண்டுதான் வந்தது. பரந்தன் வருமுன் அந்தப் புதன்கிழமையை உதயகலா ஏழு தரம் போட்டுக் கேட்டாள்.